கடைசி சிட்டிங்குக்கு அடுத்த வாரம்: வாய், தொண்டைப் புற்றுநோய்க் கதிர்வீச்சின் பக்கவிளைவுகளைச் சமாளிப்பது

வாய்க்கோ தொண்டைக்கோ கதிர்வீச்சு எடுப்பவர் வீட்டில் எல்லோரும் ஒரு தேதியை மனதில் குறித்து வைத்திருப்பார்கள். கடைசி சிட்டிங், அதாவது கடைசியாகக் கதிர்வீச்சு கொடுக்கும் நாள். அன்றோடு தொல்லை விட்டது, மறுநாளிலிருந்து வாய் ஆறத் தொடங்கிவிடும் என்று காத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலி உச்சத்துக்குப் போவது அந்தக் கடைசி வாரத்திலும், அதை அடுத்து வரும் ஒன்றிரண்டு வாரங்களிலும்தான். அதற்குள் தினமும் மருத்துவமனைக்குப் போய்வருவது நின்றிருக்கும். "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், வலி எப்படி இருக்கிறது" என்று கேட்க நர்ஸ் இல்லை. "சிகிச்சை முடிந்த பிறகும் இவ்வளவு மோசமாகிறதே, நோய் திரும்பிவிட்டதோ" என்று பயந்து தூக்கம் இழப்பவர்கள் நிறையப் பேர். முதல் நாளே ஒருவர் உட்கார வைத்து விளக்கியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி வந்திருக்காது.

இந்தப் பக்கவிளைவுகளுக்கென்று தனிக் காலண்டர் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய எந்த வாரத்தில் வரும், எப்போது இறங்கும் என்று முன்பே சொல்லிவிட முடியும். வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்னால் தயாராக இருப்பதுதான் இதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

பேச்சு வழக்கில் இதை "கரண்ட் வைப்பது" என்பார்கள். அந்தச் சொல்லே பலரைப் பயமுறுத்திவிடுகிறது. இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, சூடும் கிடையாது. முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்துச் செய்த ஒரு பிளாஸ்டிக் வலை மாஸ்க்கைப் போட்டு, அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். எதுவுமே தெரியாது. அடைத்த இடத்தில் இருக்கப் பயப்படுகிறவர்களுக்கு அந்த மாஸ்க்தான் மலை போல இருக்கும். அதை முதல் நாளே சொல்லிவிட்டால் கண், வாய்ப் பகுதியில் வெட்டித் திறந்த மாஸ்க்கோ, சிகிச்சைக்கு முன் போட ஒரு மாத்திரையோ ஏற்பாடு செய்ய வழி இருக்கிறது. வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான கணக்கு இப்படி இருக்கும்: மொத்தம் 60 முதல் 70 கிரே (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு). நாளுக்கு சுமார் 2 கிரே வீதம், வாரத்தில் 5 நாள், 6 அல்லது 7 வாரம். அதாவது 30 முதல் 35 சிட்டிங். முதல் வாரம் ஒன்றுமே தெரியாமல் போவதால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த வாரத்தை வீணாக்கிவிடக் கூடாது. காரணம், கதிர் உடனே புண்ணாக்குவதில்லை. அது செல்லின் மரபணு இழையை உடைக்கிறது. அடுத்த முறை பிரிய முயலும்போதுதான் அந்தச் செல் சாகிறது. வாயின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும் இடம். பழையது வழக்கம்போல உதிர்கிறது, அடியிலிருந்து புதியது வருவது மட்டும் நின்றுபோகிறது. வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கும் கணக்கு போல. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கையிருப்பு தீர்ந்து, சிவந்து, பிறகு வெள்ளைப் படலம் மூடிய புண்ணாகிறது. கடைசி சிட்டிங்கோடு கதிர் நின்றாலும், வரவு பழையபடி ஏற இன்னும் சில வாரம் ஆகிறது. அந்த இடைவெளிதான் மேலே சொன்ன பயமுறுத்தும் நாட்கள். பெரும்பாலும் முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு நன்றாகவே ஆறத் தொடங்கும். கீமோ சேர்த்து எடுத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்.

முதலில் பல் டாக்டர்

கதிர்வீச்சு தொடங்கும் முன் பார்க்க வேண்டிய ஆள் பல் டாக்டர். இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். "உயிரே போகிற நோய் வந்திருக்கிறது, பல்லைப் பற்றி யார் கவலைப்படுவது" என்று கேட்பது புரிகிறது. ஆனால் கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது, அது திரும்பப் பழையபடி ஆவதில்லை. பிறகு ஒரு நாள் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. கீழ்த்தாடைக்குத்தான் இது அதிகம். இந்த ஆபத்து ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்தும் போவதில்லை. ஆடும் பல், வேர்வரை சொத்தையான பல் எதுவாக இருந்தாலும் கதிர்வீச்சு தொடங்க குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துவிட்டால், அந்தக் குழி ஆற நேரம் கிடைக்கும்.

எச்சில் குறைந்துவிட்டால் பல்லுக்குக் காவல் இல்லை. ஈறை ஒட்டிய பல்லின் அடிப்பகுதியில் மளமளவென்று சொத்தை விழும். அதனால் தினமும் ஃப்ளூரைடு வைப்பது வாழ்நாள் வேலை. பல் அச்சில் செய்த சின்னத் தட்டில் ஃப்ளூரைடு ஜெல் போட்டுச் சில நிமிடம் வைத்துக்கொள்வது, அல்லது டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதிக ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். இனிமேல் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "இந்தத் தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். எத்தனை கிரே, எந்தப் பக்கம் என்று எழுதிய சம்மரி காகிதத்தை ஃபோனிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்ப்பது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு ஸ்பூன் இறங்குவது

மூன்றாவது நான்காவது வாரத்தில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது என்னவென்று புரியும். ஸ்பூன் உதட்டுக்கு அருகே வந்து நின்றுவிடும். உள்ளே போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நாக்கு அதைப் பின்னால் தள்ளத் தயங்கும். தோள் மேலே ஏறும். ஒரு வாய் இறங்கியதும் கையைக் காட்டி "கொஞ்சம் இரு" என்பார். அடுத்த ஸ்பூனுக்கு ஐந்து நிமிடம். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம். எதிரே நின்று "இன்னும் ரெண்டு வாய்தான், சாப்பிடு" என்று வற்புறுத்துவதில் அன்பு இருக்கிறது, ஆனால் அவருக்குத் தேவை அதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்திருக்க வேண்டிய வலி மாத்திரை.

வலியைத் தாங்கிக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை என்று நான் அழுத்திச் சொல்வேன். பாராசிட்டமால் போதாத நாள் கிட்டத்தட்ட நிச்சயமாக வரும். அப்போது மார்ஃபின் வகை மருந்து கொடுப்பார்கள். "பழகிவிடும், அடிமையாகிவிடுவோம்" என்று பயந்து அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. புண் ஆறியதும் டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் சிரமமில்லாமல் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். அதோடு வரும் மலச்சிக்கல்தான் உண்மையான தொல்லை. மலம் இளக்கும் மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் திரவத்தைச் சாப்பாட்டுக்கு முன் வாயில் வைக்கச் சொல்வதும் உண்டு. பலருக்கு உதவுகிறது. ஆனால் தொண்டையும் மரத்துப்போனால் புரை ஏறுவது தெரியாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் சூடு பட்டாலும் உறைக்காது. அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். பென்சிடமின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து புண்ணைத் தள்ளிப்போடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைந்த சக்தி லேசர் ஒளியை வாய்க்குள் காட்டும் சிகிச்சை இருக்கும் மருத்துவமனையில் அதையும் முதல் வாரத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது, ஆனால் தினமும் விடாமல் செய்ய வேண்டியது வாய் கொப்பளிப்பது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. எரிந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். இது புண்ணை வராமல் தடுக்காது. கோந்து போல ஒட்டும் சளியைக் கரைத்து, வாயைச் சுத்தமாக வைத்து, கிருமிக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும். கடையில் விற்கும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ், காரமான புதினா வாசனை இல்லாத ஃப்ளூரைடு பேஸ்ட். அப்புறம், திடீரென்று எரிச்சல் கூடி, துடைத்தால் வரும் தயிர் போன்ற வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, சில நாளில் நல்ல மாற்றம் தெரியும். கதிர்வீச்சுப் புண்தான் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டே இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்

வாரம் ஒருமுறை, ஒரே எடை மிஷினில், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். உடம்பு இளைத்தால் பலவீனம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. அந்த மாஸ்க் முதல் நாள் இருந்த முகத்துக்கு அளவெடுத்தது. கன்னமும் கழுத்தும் ஒட்டிப்போனால் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும், கதிர் பட வேண்டிய இடம் சில மில்லிமீட்டர் நகரும். அப்போது மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதிதாகத் திட்டம் போட வேண்டியிருக்கும். சாப்பாடு என்பது இந்த ஏழு வாரமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ இருப்பவருக்கு 1,800 கலோரி, 72 முதல் 90 கிராம் புரதம். நல்ல உடம்போடு இருக்கும்போதே பலர் எட்டாத அளவு இது. அதனால் மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கிண்ணம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சூடில்லாத, உறைப்பும் புளிப்பும் இல்லாத, வழவழப்பாக அரைத்த உணவு. வெறும் தண்ணீரால் வயிறு நிறைவதைவிடப் பால், முட்டை, வெண்ணெய், புரதப் பவுடர் என்று ஒவ்வொரு வாயிலும் சத்தை ஏற்றுவதுதான் வழி. முகர்ந்தாலே குமட்டுகிறவர்களுக்கு ஆறவைத்த உணவு கொஞ்சம் பரவாயில்லை, வாசனை குறைவாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் டியூப் வைப்பதைப் பற்றிப் பேச்சு வரும். மூக்கு வழியாகப் போகும் மெல்லிய டியூப், அல்லது வயிற்றில் நேராக வைக்கும் டியூப். இதை ஒரு தோல்வியாகவோ கடைசிக் கட்டமாகவோ வீட்டில் பேசிவிடக் கூடாது. புண் ஆறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு ஏற்பாடு, அவ்வளவே. ஆனால் டியூப் வைத்ததும் வாய்க்கு முழு ஓய்வு கொடுத்துவிடுவதுதான் தவறு. விழுங்குவதும் தசை வேலைதான். சில வாரம் வேலை இல்லாமல் விட்டால் அந்தத் தசைகள் சுருங்கி இறுகி, புண் ஆறிய பிறகும் விழுங்க வராமல் போகும். ஸ்பீச் தெரபிஸ்டை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே பிடித்துக்கொண்டு விழுங்குவது, முழு பலத்தோடு விழுங்குவது, குரல்வளை மேலே ஏறிய நிலையில் ஒரு நொடி பிடித்து நிறுத்துவது போன்ற பயிற்சிகளை வலி தொடங்கும் முன்பே கற்றுக்கொண்டால்தான் வலியிலும் செய்ய வரும். புரை ஏறாது என்று அவர்கள் பார்த்துச் சொன்னால், டியூப் இருக்கும்போதும் தினமும் சில மிடறு தண்ணீராவது வாயால் குடித்து வரவேண்டும்.

வலி தாங்காமல் "ரெண்டு நாள் லீவு விடலாமா" என்று கேட்கத் தோன்றும். இங்கே கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களும் அந்த நாட்களில் பெருகுகின்றன. சிகிச்சை இழுத்துப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்பது புற்றுநோய் மருத்துவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. வலியை மறைத்து மறைத்து ஒரு நாள் வரமுடியாமல் போவதைவிட, முதல் வேதனையிலேயே சொல்லி மருந்தைக் கூட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். புகை, புகையிலை, மது மூன்றும் புண்ணைக் கிளறிவிடும். புகை கதிர்வீச்சின் பலனையே குறைத்துவிடும்.

கழுத்துத் தோல் கருத்து, உரிந்து, சில இடத்தில் ஈரமாகக் கசியும். மென்மையான சோப், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது, தளர்ந்த காலர், வெயில் படாமல் ஒரு பருத்தித் துணி. களிம்பு எதையும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். அசதி எல்லோருக்கும் வரும், பகலில் ஒரு சின்னத் தூக்கமும் மாலையில் ஒரு சின்ன நடையும் உதவும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்து எடுப்பவர்கள் காதில் ரீங்காரம் கேட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே சொல்ல வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல், வாயிலிருந்து ரத்தம், தண்ணீர்கூட இறங்காத நிலை, இவற்றில் எதுவும் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடியவை இல்லை.

முடிந்த பிறகு

கடைசி சிட்டிங் அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும்: அடுத்த இரண்டு வாரத்துக்குள் பார்க்க ஒரு தேதி, ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர். வலி மருந்து தீராமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சில் விஷயம் நீண்ட கதை. காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் பெரிய சுரப்பிதான் தண்ணீர் போன்ற எச்சிலைத் தருகிறது. கதிருக்கு அது மிக எளிதில் அடங்கிப்போகும், முதல் வாரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். கெட்டியான சளியைத் தரும் சுரப்பிகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வாய் வறண்டும் இருக்கிறது, கயிறு கயிறாகச் சளியும் தொங்குகிறது. கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டி போன்ற முறைகளில் அந்தப் பெரிய சுரப்பிக்குப் போகும் சராசரி அளவை 26 கிரேக்குள் அடக்க முயல்வார்கள். அப்படி முடிந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் எச்சில் ஓரளவு திரும்புகிறது. முடியாதவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் உடம்பின் ஒரு உறுப்பு போல ஆகிவிடும். கட்டில் பக்கத்தில் ஒன்று, பையில் ஒன்று. சர்க்கரை இல்லாத சூயிங் கம், செயற்கை எச்சில் ஸ்பிரே, சிலருக்கு எச்சிலைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை. வறண்ட உணவை விழுங்க ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு.

வாய் திறப்பது குறைவதும் இப்படித்தான், சத்தமில்லாமல் வரும். மூன்று விரலை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு முன் நுழைந்த மூன்று விரல் இப்போது இரண்டாகிவிட்டதா? மருத்துவத்தில் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாடை இறுக்கம் என்கிறார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டுவது பழைய முறை, இன்றும் சொல்லித்தருகிறார்கள். இறுகிய பிறகு திறப்பது மிகக் கடினம். இறுகும் முன் தினமும் சில நிமிடம் போதும்.

ஓரிரு மாதம் கழித்துத் தலையைக் குனியும்போது முதுகுத்தண்டு வழியாகக் கரண்ட் அடித்தது போல ஒரு சுரீர் வரலாம். பெரும்பாலும் தானாகவே போய்விடும் ஒன்று இது. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தாடைக்கு அடியில் காலையில் ஒரு வீக்கம் தெரிந்தால் அது நிணநீர் தேங்குவதாக இருக்கலாம், மசாஜ் முறை சொல்லித்தருவார்கள். தைராய்டு சுரப்பி பல மாதம், சில சமயம் பல வருடம் கழித்து மெல்ல அடங்கும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு வேலை செய்வதைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால், அந்தச் சோர்வையும் குளிரையும் "புற்றுநோய் வந்த உடம்புதானே" என்று சொல்லி விட்டுவிடுவோம். ஒரு மாத்திரையில் சரியாகக் கூடியது அது. புரை ஏறும் உணர்வே இல்லாமல் சாப்பாடு நுரையீரலுக்குப் போவதும் நடக்கும். அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருகிறவருக்கு விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும்.

ருசி போவதுதான் மனதை உடைக்கும் விஷயம். எல்லாம் மண் மாதிரி, அட்டை மாதிரி இருக்கும். சமைத்தவருக்கு முகம் வாடிப்போகும், சாப்பிட முடியாதவருக்குக் குற்ற உணர்ச்சி. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்க்க ஆரம்பிப்பார். அவரைத் தனியே விடாமல், கையில் ஒரு கோப்பையோடாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ருசி மொட்டுகள் மறுபடி முளைக்கும். பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி, ஆறு மாதம், ஒரு வருடம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஒருநாள் தெரிந்து மறுநாள் மறையும். பல மாதம் எதைக் கொடுத்தாலும் பேசாமல் விழுங்கியவர் ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவைத்து "இதில் உப்பே இல்லையே" என்பார்.